வட்டும் பூட்டும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அதனைத் தானே வைத்துத் துய்க்கலாம். பிறர்க்குக் கொடையாக அளிக்கலாம். வேண்டாதபோது விற்கவும் செய்யலாம். இஃது உலக வழக்கு. தான் படித்து முடித்த பாடநூலை அடுத்த ஆண்டில் அவ்வகுப்பிற்கு வரும் மாணவனுக்குப் பாதி விலைக்குக் கொடுக்கும் மாணவனை நாம் கண்டிருக்கிறோம். நூலை எழுதிய ஆசிரியரோ அச்சிட்ட பதிப்பாளரோ வந்து அவனைத் தடுப்பதில்லை. ஆயின், அவனே அந்நூலைப் பார்த்து நூறு படிகள் அச்சிட்டு விற்பானாயின் அது குற்றமாகும். கையிலுள்ள படி வாங்கியவனுக்கு உரியது. அதிலுள்ள ஆக்கமோ ஆசிரியருக்கு உரியது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், வீடியோ விளையாட்டுகளைக் குறித்து இக்காலத்து எழுந்துள்ள வழக்கினை எளிதில் உணரலாம்.

இவ்வழக்கின் வேர் அச்சு நூல்களின் காலத்திலேயே உள்ளது. அமெரிக்க நாட்டிலே பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார் ஒரு புதினத்தை வெளியிட்டு, அதனை ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது பதிப்புரிமையை மீறுவதாகும் என்று அந்நூலிலேயே அச்சிட்டனர். நியூயார்க் நகரத்து மேசி என்னும் பெருங்கடையார் அதனை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு படியை ஒருமுறை விற்றபின், அப்படி மேலும் எவ்விலைக்குக் கைமாற வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை பதிப்புரிமையாளருக்கு இல்லை என்று அந்நீதிமன்றம் 1908ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. இதனை முதல் விற்பனைக் கொள்கை என்பர். ஜப்பான் நாட்டிலும் விளையாட்டு நிறுவனங்கள் பழைய விளையாட்டுகளை விற்ற கடைக்காரர்மீது வழக்குத் தொடுத்தன. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கடைக்காரர் பக்கமே தீர்ப்புக் கூறிற்று.

சட்டம் இவ்வாறிருக்க, களவு என்னும் துன்பம் விளையாட்டு ஆக்குவோரை விடாது தொடர்ந்தது. அச்சு நூலைப் படியெடுக்கப் பொருளும் உழைப்பும் வேண்டும்; கணினி விளையாட்டைப் படியெடுக்கச் சில நிமிடங்களே போதும். ஆதலின் அதனை ஆக்கியோர் பூட்டுகளைத் தேடினர். தொடக்கக் காலப் பூட்டுகள் எளியவை. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட்’ என்னும் கடற்கொள்ளையர் விளையாட்டுடன், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் காகிதத் தட்டுகளைக் கொடுத்தனர். திரையில் ஒரு கொள்ளையனின் முகம் தோன்றும். தட்டைச் சுழற்றி அம்முகத்தைப் பொருத்தி, அங்கே துளையில் தெரியும் ஆண்டினைக் கணினியில் எழுதினாலன்றி விளையாட்டுத் தொடங்காது. வட்டினை மட்டும் படியெடுத்தவன் இவ்விடத்தில் திகைத்து நிற்பான். ஆனால் வட்டினையும் தட்டினையும் ஒருங்கே விலைக்குப் பெற்றவன் தடையின்றி விளையாடுவான். பூட்டும் திறவுகோலும் பொருளோடு பிணைந்திருந்தமையால், பொருள் எங்குச் சென்றதோ திறவுகோலும் அங்கே சென்றது. களவு செய்வோனுக்குத் தடை, கைமாற்றுவோனுக்கு வழி என இரண்டும் அங்கே ஒத்து நின்றன.

இணையம் பரவியபின் இந்நிலை மாறிற்று. 2004ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனத்தார் ‘ஹாஃப்-லைப் 2’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். கடையில் வட்டாக வாங்கியவரும் ஸ்டீம் என்னும் இணையச் சேவையில் தம் பெயரால் ஒரு கணக்குத் தொடங்கி, பெட்டியிலிருந்த குறியெண்ணை அதிற் பதிய வேண்டும். அங்ஙனம் ஒருமுறை பதிந்த குறியெண் அக்கணக்கிற்கே உரியதாகிவிடும். பின்னர் அவ்வட்டினைப் பிறர்க்கு விற்றால், அவர் பெறுவது வெறுந்தட்டே. முன்னாளைப் பூட்டு, ‘இது மெய்யான படியா?’ என்று கேட்டது. இப்புதிய பூட்டு, ‘நீ யார்?’ என்று கேட்கலாயிற்று. திறவுகோல் பொருளைவிட்டு ஆளிடம் சென்றது. பழைய விளையாட்டு வாணிகத்தின் வேரில் விழுந்த வெட்டு இதுவேயாகும்.

2008ஆம் ஆண்டில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஸ்போர்’ என்னும் விளையாட்டை மூன்று முறைக்குமேல் கணினியில் பதிவு செய்ய இயலாது என்று வரையறுத்தனர். வாங்கியோர் வெகுண்டனர், வழக்கும் எழுந்தது. பின்னர் மூன்று என்பது ஐந்தாயிற்று. பழைய படியை வாங்குபவனுக்கோ, முன்னவன் எத்தனை முறை செலவிட்டான் என்பதே விளங்காது. ஆயினும் அப்பூட்டு களவைத் தடுத்ததா எனின், இல்லை. விளையாட்டு கடைக்கு வருமுன்னரே பூட்டுடைத்த படிகள் இணையத்தில் உலவின. திருடியவன் எத்தடையுமின்றி விளையாடினான்; பணம் கொடுத்தவனே கட்டுண்டான். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியதாகக் கூறும் பழமொழி இங்கே நினைவிற்கு வருகிறது.

இதே நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டில் வேறொரு முறையைக் கொணர்ந்தனர். புதிய வட்டோடு ஒருமுறையே பயன்படும் குறியெண் ஒன்று வரும். பழைய வட்டை வாங்கியவர், இணையம் வழியே பிறரோடு ஆட விரும்பினால், அக்குறியெண்ணைத் தனியே 10 டாலர் கொடுத்துப் பெற வேண்டும். இதிற் களவைத் தடுக்கும் நோக்கம் சிறிதுமில்லை. பழைய விற்பனைமீது விதித்த வரி என்றே இதனைக் கூறலாம். மக்கள் விரும்பாமையால் 2013இல் இதனைக் கைவிட்டனர்.

அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் தம் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்குரிய விதிகளை அறிவித்தனர். கருவி 24 மணி நேரத்திற்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்பு கொள்ள வேண்டும். வட்டில் வாங்கிய விளையாட்டை நண்பர்க்கு ஒருமுறையே கொடுக்கலாம். பழைய படியாக விற்பதும் வெளியீட்டாளரின் இசைவைப் பொறுத்தது என்பன அவை. போட்டி நிறுவனமாகிய சோனி, தன் பிளேஸ்டேஷன் 4 கருவியில் இத்தகைய தடைகள் இரா என்று அறிவித்தபோது அரங்கமே ஆரவாரித்தது. சில நாட்களில், அதாவது ஜூன் 19ஆம் நாள், மைக்ரோசாப்ட் அவ்விதிகளைத் திரும்பப் பெற்றது.

ஆக்குவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு பெரிய விளையாட்டை ஆக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கின்றனர். பழைய படி விற்கும்போது ஆதாயம் முழுவதும் கடைக்காரனையே சேர்கிறது. உழைத்தோர்க்கு ஒரு காசும் வருவதில்லை. மேலும், பல கைப்பட்ட நூல் கிழியும். விளையாட்டோ பத்தாவது ஆளுக்கும் முதலாமவனுக்குக் கிடைத்தவாறே கிடைக்கும். இவற்றை மறுத்தல் இயலாது. ஆயினும், பழையதை விற்ற பணம் பெரும்பாலும் புதியதை வாங்கவே பயன்படுகிறது என்பதையும் எண்ணுதல் வேண்டும். பிற்காலத்தில் விற்கலாம் என்னும் நம்பிக்கையே பலரை முழு விலை கொடுக்கத் துணியச் செய்கிறது. புதியதை வாங்க இயலாத எளிய இளைஞனுக்குப் பழைய படியே நேர்மையான வழி. அவ்வழியை அடைத்தால் அவன் களவின் வாயிலுக்குச் செல்லவும் கூடும்.

இன்று வட்டே இல்லாமல் இணையம் வழியாகவே விளையாட்டுகள் விற்கின்றன. பிரான்சு நாட்டு நுகர்வோர் சங்கம் ஒன்று, ஸ்டீமில் வாங்கியவற்றை மறுபடியும் விற்கும் உரிமை வேண்டும் என்று வழக்காடிற்று. 2019இல் பாரிசு நீதிமன்றம் அதற்கு இசைந்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2024இல் அந்நாட்டு உச்ச முறைமன்றமும் அம்மாற்றத்தையே உறுதி செய்தது. கலிபோர்னியா மாநிலமோ, இத்தகைய விற்பனையில் வாங்குபவர் பெறுவது வெறும் உரிமமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2024இல் சட்டம் இயற்றியது. அது 2025இல் நடைமுறைக்கு வந்தது.

வழி முற்றும் அடைபட்டதென்று கருத வேண்டா. 2025இல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்குரிய சில அட்டைகளில் விளையாட்டு இல்லை. அதனை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். எனினும் அவ்வட்டை எவர் கையிலுள்ளதோ அவரே விளையாடலாம், விற்கவும் செய்யலாம். இணையத்தில் அவ்விளையாட்டு இருக்கும்வரையே இது பயன்படும் என்னும் குறை உண்டு. ஆயினும், திறவுகோலைப் பொருளோடு சேர்த்து வைப்பது இணையக் காலத்திலும் இயலும் என்பது இதனாற் புலப்படுகின்றது.

பூட்டு வேண்டுவதே, உழைப்பவன் வீட்டிற்குக் கதவு வேண்டாமென்பார் எவருமிலர். ஆயின் கள்வனுக்கு இட்ட பூட்டு, விலை கொடுத்தவனை அவன் வீட்டிற்கே வெளியில் நிறுத்தலாகாது. மாணவர்களே! விளையாட்டாயினும் நூலாயினும் இசையாயினும், திரையில் ‘வாங்குக’ என்னும் சொல்லைக் காணும்போது சற்று நில்லுங்கள். நாளை இதனை என் தம்பிக்குக் கொடுக்கலாமா, வேண்டாதபோது விற்கலாமா என்று கேளுங்கள். இல்லை என்பது விடையாயின், நீங்கள் கொடுக்கும் பணம் விலையன்று, வாடகை. வாடகைக்குத் தக்க தொகைதானா அது என்று எண்ணிப் பார்த்தபின் கொடுப்பதே அறிவுடைமை.