வெளிநாட்டு போனில் நம்மூர் சிம்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. செக்போஸ்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். மலையில் ஒரு கம்பெனி சிக்னல் விட்டுப்போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதால், ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு எந்த சிம்மையும் ஏற்கும் போன்தான் உதவும். அமெரிக்காவிலிருந்து தம்பியோ மருமகனோ கொண்டுவந்த போனில் நம்மூர் சிம் எதைப் போட்டாலும் ஏற்கவில்லையா? போன் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தன் சிம் மட்டுமே ஓடும்படி, விற்ற நெட்வொர்க் கம்பெனி போட்டிருக்கும் லாக்காக இருக்கலாம். 2017இல் நம் நாட்டில் வந்த ஜியோபோனும் இப்படித்தான், ஜியோ சிம்மை மட்டுமே ஏற்றது.

முதலில் லாக் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் ‘கேரியர் லாக்’ என்ற வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்றிருந்தால் லாக் இல்லை. ஆண்ட்ராய்டில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்ப்பதே எளிது. ‘நெட்வொர்க் அன்லாக் பின்’ கேட்டால் லாக் இருக்கிறது. தோன்றிய எண்களையெல்லாம் அங்கே தட்டாதீர்கள். சில தவறுகளுக்குப் பிறகு, சரியான எண்ணைக்கூட ஏற்காமல் போகும்.

அடுத்து *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதை எழுதி, போனை வாங்கியவருக்கே அனுப்புங்கள். லாக்கை நீக்கச் சொல்லி நெட்வொர்க் கம்பெனிக்கு விண்ணப்பத்தை அவர் போடுவதுதான் சரி, ஏனென்றால் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. தவணை பாக்கி இருக்கக் கூடாது, போன் தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ பதிவாகியிருக்கக் கூடாது, குறிப்பிட்ட நாட்கள் அந்த நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கம்பெனி இதற்கு 60 நாள் கேட்கிறது. அதன் இணையதளத்தில் விண்ணப்பித்ததும் மின்னஞ்சலில் வரும் இணைப்பை 24 மணி நேரத்துக்குள் அழுத்தி உறுதிசெய்யவும் வேண்டும். இதை மறந்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. உறவினர் ஊருக்குக் கிளம்புமுன் அங்கேயே முடித்துக்கொண்டு வந்தால் அலைச்சலே இல்லை.

எல்லா நாட்டிலும் இந்தத் தொல்லை கிடையாது. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் லாக் போட்டு விற்கத் தடை உண்டு. கனடாவில் பழைய போனாக இருந்தாலும் கட்டணமின்றித் திறந்து தர வேண்டும்.

லாக்கை எடுக்க ‘ஐஎம்இஐயை மாத்திக் குடுக்கறேன்’ என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய போன் வாங்குகிறவர்கள், பணம் கொடுக்குமுன் KYM என்று அடித்து இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, எண் சரியானதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

ஐபோனுக்கு லாக் நீக்க அனுமதி கிடைத்தால் எண் எதுவும் வராது; வைஃபையில் இணைத்து நம்மூர் சிம்மைப் போட்டால் போதும். ஆண்ட்ராய்டு சிலவற்றுக்கு மட்டும் அந்த பின் எண் வரும். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோ கூகுள் கணக்கோ உள்ளே இருந்தால் அது வேறு பூட்டு. அதை அவர்தான் வெளியேறி நீக்க வேண்டும்.

அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிம் போடும் இடமே இல்லை. லாக் போனபிறகும், போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் தேவைப்படும். ஏர்டெல், ஜியோ, வி மூன்றிலும் அது கிடைக்கும். கையிலிருக்கும் சிம்மையே இ-சிம்மாக மாற்றித் தருவார்கள்.