வெங்காயம் உரித்தது யார்? பிரபல செஃப்களின் சமையலை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டர் சிக்கன் செய்யக் கிளம்பினோம். கைபேசித் திரையில் செஃப் 18 நிமிடத்தில் முடித்து, மேலே க்ரீமைச் சுழித்து ஊற்றிவிட்டார். எங்கள் வீட்டில் தட்டு வைக்க மணி மூன்றரை ஆனது. அதற்குள் சின்னவன் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்திருந்தான். "அவரு பதினெட்டு நிமிஷத்துல முடிச்சிட்டாரேம்மா" என்று நான் அலுத்துக்கொண்டேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, அவருக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்தது யாருடா?"

அன்றிலிருந்து எந்த செஃப்பின் குறிப்பை எடுத்தாலும் எங்கள் வீட்டில் முதல் கேள்வி அதுதான். செஃப் எவ்வளவு பெரியவர் என்று பார்ப்பதைவிட, அந்தக் குறிப்பு எப்படிப்பட்ட அடுக்களையில் பிறந்தது என்று பார்ப்பது பயன் தரும். ஹோட்டல், டிவி ஸ்டூடியோ, தோட்டத்துக் கல் அடுப்பு, லண்டன் வீடு என ஒவ்வொன்றிலும் பிறந்த குறிப்புக்குத் தனிக் குணம் உண்டு. அது தெரிந்தால் நம் வீட்டில் அது குடித்தனம் பண்ணுமா என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நான்கு கேள்விகள்

எத்தனை பேருக்கு? அளவு எழுதியிருந்தும் ஆள் கணக்கு இல்லாத குறிப்புகள் ஏராளம். கறியின் எடையைப் பாருங்கள். குழம்புக்கு நான்கு பேர் உள்ள வீட்டில் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை போதும்.

எந்த அடுப்பு? வீட்டு சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக வரும் எரிவாயு குறைந்த அழுத்தத்தில் எரிகிறது. ஹோட்டலில் இருப்பது உயர் அழுத்த அடுப்பு. "தீயைக் கூட்டி இரண்டு நிமிடம் வதக்குங்கள்" என்றால் அங்கே காய் வதங்கும். நாம் அதே அளவைக் கடாயில் கொட்டினால் சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெந்துவிடும். இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வதக்குவதுதான் வழி.

எத்தனை கை? திரையில் வரிசையாக இருக்கும் கண்ணாடிக் கிண்ணங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நறுக்கிய கை ஒன்று, கழுவப்போகும் கை ஒன்று. கிண்ணங்கள் பத்தைத் தாண்டினால் அது தனியாளாகச் செய்யும் சமையல் அல்ல.

அளவு எழுத்தில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா? "தேவையான அளவு", "ஒரு கை" என்று போகும் குறிப்பு, ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்களுக்கானது.

தேர்வு 1: அச்சிட்ட புத்தகம்

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் அதை வைத்து அனுப்பிய வீடுகள் பல. டிவி வருவதற்கு முன்பே அவர் பிரபலம், முகத்தால் அல்ல, பக்கங்களால். மல்லிகா பத்ரிநாத் 1988-ல் தொடங்கி, கையடக்கமான சிறு புத்தகங்களாகத் தலைப்புக்கு ஒன்றென எழுதிக் குவித்தார்.

பலம்: வீட்டுப் பெண்கள் வீட்டு அடுப்புக்காக எழுதியவை. வெங்காயம் உரிப்பதும் நீங்கள்தான் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். விளம்பரம் குறுக்கிடாது. மாவுக் கையோடு திரையைத் தொட்டு நிறுத்தி ஓட்ட வேண்டியதில்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைக்கலாம்.

சிக்கல்: பதம் கண்ணுக்குத் தெரியாது. 'கம்பிப் பாகு', 'பச்சை வாசனை போக' என்ற சொற்களுக்குப் பின்னால் இருப்பதை ஒருமுறையாவது யாராவது காட்டித்தர வேண்டும். மீனாட்சி அம்மாள் முழுக்கச் சைவம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு அங்கே வழியில்லை. பழைய பதிப்பென்றால் ஆழாக்கு, படி போன்ற அளவுகள் குறுக்கே வரும். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது என்பதால் மில்லி கணக்குக்குள் போகாதீர்கள். ஒரே டம்ளரை ஆழாக்காக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதாலேயே அளந்தால் விகிதம் பிசகாது.

யாருக்கு: முதன்முறை சமைக்கும் குடும்பத்துக்கு. கூடவே பதம் சொல்ல ஒரு பெரியவர் இருந்தால் இதற்கு இணை இல்லை.

தேர்வு 2: ஹோட்டலிலிருந்து திரைக்கு வந்த செஃப்

செஃப் தாமு 2010-ல் 24 மணி நேரத்துக்கும் மேல் ஓயாமல் சமைத்து, 600-க்கும் அதிகமான பதார்த்தங்களோடு கின்னஸ் சாதனை படைத்தவர். வெங்கடேஷ் பட் நட்சத்திர ஹோட்டல் அனுபவத்தோடு டிவிக்கும் பிறகு யூடியூபுக்கும் வந்தவர். இருவரும் நடுவர்களாக உட்கார்ந்த 'குக் வித் கோமாளி' 2019 நவம்பரில் விஜய் டிவியில் தொடங்கியபின், செஃப் என்ற சொல் குழந்தைகள் வாயிலும் புழங்க ஆரம்பித்தது.

பலம்: ஏன் என்பதற்குப் பதில் கிடைக்கும். மசாலாவில் எண்ணெய் பிரியும் வரை ஏன் நிற்க வேண்டும், தயிரைச் சேர்க்கும்போது ஏன் தீயைக் குறைக்க வேண்டும் என்று காரணத்தோடு கற்றுக்கொண்டால், அது மற்ற நூறு சமையலுக்கும் உதவும். பதத்தைக் கண்ணால் பார்க்கலாம், திரும்பத் திரும்பவும் பார்க்கலாம்.

சிக்கல்: ஹோட்டலில் ஒரு கிரேவி பத்து நிமிடத்தில் மேசைக்கு வருவதன் ரகசியம், காலையிலேயே தயாராகிவிடும் அடிப்படை மசாலா. வதக்கி அரைத்த வெங்காயம் தக்காளி ஒரு பக்கம், முந்திரி விழுது ஒரு பக்கம் என்று அங்கே தனித்தனியாகக் காத்திருக்கும். வீட்டில் அத்தனையையும் அன்றே தொடங்கினால் மூன்றரை மணிச் சாப்பாடுதான். தவிர, ஹோட்டல் வெண்ணெயும் க்ரீமும் எப்போதாவது வந்து சாப்பிடுகிறவர் நாக்கைக் கணக்கிட்டவை. முதல் தடவை பாதி போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தீர்வு எளிது. சனிக்கிழமை இரவு முக்கால் கிலோ வெங்காயத்தையும் அரைக் கிலோ தக்காளியையும் இஞ்சி பூண்டு விழுதோடு நன்றாகச் சுருள வதக்கி, ஆறவைத்து அரைத்து இரண்டு டப்பாவில் போடுங்கள். ஒன்று ஞாயிறுக்கு, இன்னொன்று ஃப்ரீஸருக்கு. அப்புறம் செஃப் சொன்ன நேரம் கிட்டத்தட்ட உண்மையாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை: போட்டி நிகழ்ச்சியில் வரும் சமையல் வேறு. அது தட்டில் அழகாகத் தெரிவதற்கும் கோமாளிகள் கலாட்டா செய்வதற்கும் அமைந்தது. பிள்ளைகளுக்கு ஆசையைக் கிளப்ப அது போதும். சமைக்க உட்காரும்போது அதே செஃப்பின் நிதானமான வீடியோவைத் தேடுங்கள்.

யாருக்கு: ஓரளவு சமைக்கத் தெரிந்த, முதல் நாளே தயாராகும் பொறுமையுள்ள வீட்டுக்கு.

தேர்வு 3: தோட்டத்து அண்டாச் சமையல்

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018-ல் கிளம்பிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் ஊருக்கே சமைக்கிறார்கள். குடும்பமாகச் சமைப்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

பலம்: பார்த்ததும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். முழு மசாலாவை அரைப்பது, கறியைப் பிசறுவது என்று வேலைகள் தனித்தனியாகத் தெரிவதால் பங்கு போடவும் எளிது.

சிக்கல்: கணக்கு. 10 கிலோ கறிக்கான குறிப்பை அரைக் கிலோவுக்குக் கொண்டுவர 20-ஆல் வகுத்தால் வெங்காயமும் தக்காளியும் சரியாக வரும். தண்ணீர் வராது. அண்டாவில் உள்ள குழம்பின் அளவோடு பார்த்தால் ஆவி போகும் மேற்பரப்பு சிறியது. சின்னச் சட்டியில் அது விகிதத்தில் பெரியது, ஆகவே சீக்கிரம் சுண்டும். வகுத்து வந்ததைவிடத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். உப்பையும் மிளகாயையும் வகுத்ததில் முக்கால் பங்கு போட்டுத் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். பிரியாணி என்றால் இன்னொன்றும் உண்டு. அண்டா தன் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டு தானே தம் போடும். வீட்டுச் சட்டி சட்டென்று ஆறிவிடும். அடியில் தோசைக்கல்லை வைத்து, மிகச் சிறிய தீயில் தம் போட வேண்டும்.

அம்மி வாசனை வேண்டுமென்றால் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி, கொஞ்சம் கொரகொரப்பாக எடுங்கள். விறகு வாசனைக்கு, கனிந்த கரித்துண்டைச் சிறு கிண்ணத்தில் வைத்து, அதைச் சட்டிக்குள் இறக்கி, ஒரு சொட்டு நெய் விட்டு இரண்டு நிமிடம் மூடி வைக்கலாம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

யாருக்கு: சொந்தக்காரர்கள் கூடும் பத்துப் பதினைந்து பேர் விருந்துக்கு. நான்கு பேர் வீட்டுக்கு இது பார்க்க மட்டும்.

தேர்வு 4: வெளிநாட்டு செஃப்

பீட்சா, பாஸ்தா, கேக் என்று பிள்ளைகள் கேட்கும்போது தேடுவது இங்கேதான். பிரிட்டனின் ஜேமி ஆலிவர் 2010-ல் '30 மினிட் மீல்ஸ்' என்று, ஒரு முழுச் சாப்பாட்டின் எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே மூச்சில் செய்யும் புத்தகம் போட்டார். கெட்டிலில் வெந்நீர் கொதித்து, அவன் சூடாகி, அரைக்கும் எந்திரம் மேசையில் தயாராக இருந்த பிறகுதான் அந்த 30 நிமிடம் தொடங்கும். அம்மாவின் கேள்வி லண்டனுக்கும் பொருந்துகிறது. 2017-ல் வந்த அவருடைய '5 இன்கிரீடியன்ட்ஸ்' இன்னும் சுலபம். எண்ணெய், உப்பு, மிளகு, வினிகர் தவிர்த்து ஐந்தே பொருள்கள்.

பலம்: கிராம் கணக்கு. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பத்து வயதுப் பிள்ளைகூடத் தவறாமல் அளக்கும்.

சிக்கல்: பொருளும் அளவும். இவற்றை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்:

- அமெரிக்கக் குறிப்பில் 350 டிகிரி என்றால் ஃபாரன்ஹீட். நம் அவனில் சுமார் 175 டிகிரி செல்சியஸ். விசிறி ஓடும் அவன் என்றால் செல்சியஸ் கணக்கில் 20 டிகிரி குறைக்க வேண்டும்.
- ஒரு மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. உப்பு விஷயத்தில் இது விளையாட்டல்ல.
- அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. 'ஒரு ஸ்டிக்' வெண்ணெய் 113 கிராம்.
- பிரிட்டனின் டபுள் க்ரீமில் கொழுப்பு 48 சதவீதம். நம் கடைகளில் கிடைக்கும் ஃபிரெஷ் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதம். எவ்வளவு அடித்தாலும் அது நுரைத்து நிற்காது. அதற்கு விப்பிங் க்ரீம் என்றே கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு: அவனும் தராசும் உள்ள, வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. பொருள்கள் பாதிக்கு மேல் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் கடைசியில் அது அவருடைய சமையலாகவும் இருக்காது, நம்முடையதாகவும் இருக்காது.

எந்த நாளுக்கு எது?

வேலை நாள் இரவு: புத்தகம். சனி மாலை தயாரித்து ஞாயிறு மதியம்: ஹோட்டல் செஃப். பொங்கல் விடுமுறை, ஊர்த் திருவிழா: அண்டா. பிறந்தநாள், பள்ளி விடுமுறை: வெளிநாட்டு செஃப். இதுவரை குடும்பமாகச் சேர்ந்து சமைத்ததே இல்லை என்றால், தயங்காமல் புத்தகத்திலிருந்து ஒரு குழம்பும் ஒரு பொரியலும். எந்த நாளானாலும் புதுக் குறிப்பு ஒன்று மட்டும். கூடவே செய்யும் சாதமும் ரசமும் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்ததாக இருக்கட்டும்.

வேலைப் பங்கீடு

அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களைத்தான் குடும்பச் சமையலுக்கு வாசலாக்கிக்கொண்டோம். சின்னவனுக்கு ஆறு வயது. கொத்தமல்லி ஆய்வது, பட்டாணி உரிப்பது, அளந்ததைக் கிண்ணத்தில் போட்டு வரிசையாக அடுக்குவது அவன் இலாகா. பத்து வயதுப் பெரியவள் குறிப்பை உரக்க வாசிப்பாள். அடுத்த வரிக்குப் போக எல்லாரும் அவள் அனுமதி பெற வேண்டும். கத்தியும் அடுப்பும் எனக்கும் மனைவிக்கும். கோழி நறுக்கும் பலகையில் வேறெதையும் வைப்பதில்லை. பச்சைக் கறியையும் பச்சை மிளகாயையும் பிள்ளைகள் தொடுவதில்லை. உப்பு பார்ப்பது அம்மா. செஃப் என்ன சொல்லியிருந்தாலும் அங்கே அவர் தீர்ப்பே இறுதி.

சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும் முன், ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுகிறோம்: உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பேர் சாப்பிட்டோம், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். பட்டர் சிக்கன் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் இருப்பது: "நாலு மணி நேரம். ஆறு பேர். வெங்காயத்தை முதல் நாளே உரிக்கவும்."