நோட்டில் எட்டு மணி, வாசலில் எட்டே முக்கால்

அம்மா பக்கவாதத்தில் படுத்து நாலு வருஷம் ஆகிறது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை கூட இருக்க ஓர் அட்டெண்டர் உண்டு. நான் ஏழரைக்குக் கிளம்பி, சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் போவேன். ஒரு நாள் எட்டே முக்காலுக்கு மாமி போன் செய்தார். "சாவி இன்னும் எங்க வீட்டு ஆணியிலயே தொங்குதேம்மா, இன்னிக்கு அவங்க லீவா?" இரவு வந்து வருகை நோட்டைப் பார்த்தேன். 8.00 என்று இருந்தது. பின்னால் புரட்டினால் 23 நாளும் 8.00தான். ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்தது.

முதியவரையோ நோயாளியையோ பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் வீடுகளுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

1. தெரிந்த அன்றைக்கே கேட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் தேதி, நேரம் போட்டு நீங்களே குறித்து வையுங்கள். ஒரு நாள் தாமதம் யாருக்கும் வரும், ஐந்து நாள் தாமதம்தான் பேச வேண்டிய விஷயம். சாவி கைமாறும் நேரம், வாட்ச்மேன் நோட்டு, வந்ததும் நமக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கும் மிஸ்டு கால், இவையே போதும். அவரை வேவு பார்க்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் ஆள் வைக்காதீர்கள்.

2. உங்கள் பக்கக் கணக்கையும் எடுங்கள். அதே மாதம் நான் ஆறு நாள் எட்டரை தாண்டித்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு நாள் மழையில் ஒன்பதேகால். அந்த நேரமெல்லாம் அவர் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார், அது நோட்டிலும் இல்லை, சம்பளத்திலும் இல்லை. அதைப் பார்த்த பிறகு அவரிடம் பேசப் போன என் குரலே மாறிவிட்டது.

3. தனியாகப் பேசுங்கள். நோயாளி முன்னால் கூடாது. படுத்திருப்பவருக்கு எல்லாம் காதில் விழும், மறுநாள் அட்டெண்டர் கையால்தான் அவர் சாப்பிட வேண்டும். போனிலோ வாட்ஸ்அப்பிலோ கூடாது. நான் சமையலறையில் டீ கொடுத்துவிட்டு, "அக்கா, காலைல நீங்க வர்ற நேரத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும். நோட்ல எட்டுன்னு இருக்கு. சாவி எட்டே முக்காலுக்குத்தான் வாங்குறீங்க" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஃப்ரீ பஸ் ஒண்ணு விட்டா அடுத்தது முக்கால் மணி கழிச்சுத்தான்மா. ஷேர் ஆட்டோவுக்கு தினம் அறுபது ரூபா ஆகுது. சொன்னா வேலை போயிடுமோன்னு..." என்றார். 2021இல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு, வீட்டு வேலைக்கு வரும் எத்தனையோ பேரின் நேரம் அந்தச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸை வைத்துத்தான் ஓடுகிறது. எட்டு மணி டியூட்டி என்று முடிவு செய்தபோது அவர் எந்த பஸ்ஸில் வருவார் என்று நான் கேட்கவே இல்லை.

4. காரணம் நியாயமாக இருந்தால் நேரத்தை மாற்றுங்கள். நாங்கள் எட்டரைக்கு எட்டரை என்று வைத்துக்கொண்டோம். காலையில் நான் கிளம்பியதிலிருந்து அவர் வரும் வரை அந்த ஒரு மணி நேரத்துக்குத் தங்கை வந்துவிட ஏற்பாடு. ஆனால் நோட்டில் பொய் எழுதியதை அதோடு சேர்த்துக் கரைத்துவிடாதீர்கள். "லேட்டானா எட்டே முக்கால்னு எழுதுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எட்டுன்னு எழுதினா அம்மா தனியா இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். அவருக்கு அது சட்டென்று புரிந்தது. பிறகு இரண்டு வருடம், மகள் பிரசவத்துக்குப் போகும் வரை, எங்களோடு இருந்தார்.

5. சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால் வராத நேரத்துக்கு மட்டும் பிடியுங்கள். உதாரணமாக, மாதம் 18,000 ரூபாய், 30 நாள், தினம் 12 மணி நேரம் என்றால் மணிக்கு 50 ரூபாய். 20 நாள் 40 நிமிடம் வீதம் குறைந்தால் 13 மணி 20 நிமிடம், சுமார் 667 ரூபாய். அதிலிருந்து அவர் கூடுதலாக இருந்த நேரத்தைக் கழித்துவிட்டு, தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். தண்டனையாக அரை மாதச் சம்பளத்தை நிறுத்திவைப்பது அநியாயம்.

6. நோட்டை மாற்றுங்கள். "வந்தது, போனது" என்று இரண்டே கட்டம் இருந்தால் அதை மாதக் கடைசியில்கூட நிரப்பலாம். புரட்டிப் படுக்கவைத்தது, பிரஷர், சுகர் அளவு, இன்சுலின், சாப்பாடு, யூரின் பேக் மாற்றியது என்று செய்த வேலையின் எதிரே அந்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டாவதாக வந்தவர். ஏஜென்சி மூலம் வந்தார், இனிமையாகப் பேசுவார். எதிர்வீட்டு மாமி ஊருக்குப் போயிருந்த வாரத்தில், ஆறு மணிக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நோட்டில் 6 மணிக்கும் 8 மணிக்கும் புரட்டியதாக டிக் இருந்தது. ஒரு நாள் இரவு அம்மாவுக்கு உடை மாற்றும்போது, வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அதுதான். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டச் சொல்வார்கள். ஏர் பெட் போட்டிருந்தாலும் அதை விடக் கூடாது. அட்டெண்டர் இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பினால், அவர் எடுத்துக்கொண்டது நம் பணத்தை மட்டும் இல்லை.

7. நோயாளி தனியாக விடப்பட்டார் என்று உறுதியானால், முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்று காத்திருக்காதீர்கள். அந்த வேலையை அவரிடம் விட்டுவைக்கக் கூடாது. கால் மணி தாமதத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

8. ஏஜென்சி ஆள் என்றால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, நீங்களே பிடித்தம் செய்ய முடியாது. தேதி, நேரம், நோட்டுப் பக்கத்தின் போட்டோ எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பி, மாற்று ஆளையும் பணக் கணக்கையும் கேளுங்கள். போனில் கத்தியதற்குச் சாட்சி இருக்காது. ஆள் எடுக்கும்போதே, வராத நேரத்துக்கு என்ன கழிவு, எத்தனை நாளில் மாற்று ஆள் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

9. கேமரா வைப்பதென்றால் ஹாலிலும் வாசலிலும் மட்டும், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. நோயாளியைக் குளிப்பாட்டும், அட்டெண்டர் உடை மாற்றும் அறையில் வேண்டவே வேண்டாம். பெண்களை அந்த நிலையில் ஒளிந்து பார்ப்பதும் பதிவு செய்வதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின் கீழ் குற்றம்.

10. ஆதார் அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் போதும். கைப்பையைச் சோதிக்காதீர்கள். அடுக்குமாடி குரூப்பில் அவர் பெயரைப் போட்டு "ஜாக்கிரதை" என்று எழுதாதீர்கள். "உண்ட வீட்டுக்கு இரண்டகம்" போன்ற வார்த்தைகளும் வேண்டாம். அவர் உண்டது உழைத்த கூலியில்.

11. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். மகள் பள்ளிக்கூடத்துக்கோ ரேஷன் கடைக்கோ போக லீவு கிடைக்காதவர்தான் பெரும்பாலும் மூன்று மணிக்கு நழுவி ஐந்துக்குத் திரும்புகிறார். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இல் தொடங்கிய நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம் இவற்றுக்கு உதவித்தொகை உண்டு. பதிந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் ஒரு நாள் அதற்கே லீவு கொடுங்கள்.

12. அனுப்பிவிடுவது என்று முடிவானால் மாலையில், உங்கள் வீட்டு மனிதர் இன்னொருவர் இருக்கும்போது சொல்லுங்கள். அன்றுவரை வேலை செய்த நாட்களுக்கான கணக்கை முடித்து, நேரடியாக வைத்த ஆள் என்றால் கையோடு கொடுத்துவிடுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு, மாத்திரை டப்பாவையும் இன்சுலின் பேனாவையும் அவரை வைத்துக்கொண்டே சரிபாருங்கள். அம்மாவுக்குப் பழக்கமானவற்றை (எந்தப் பக்கம் வலி, கஞ்சி எவ்வளவு சூடு, எந்தப் பாட்டு போட்டால் தூங்குவார்) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பெண்ணிடம் அதைக் கேட்கக் கோபம் விடவில்லை எனக்கு. தங்கைதான் கேட்டு எழுதினாள். அந்தத் தாள் இன்னும் அம்மா கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இப்போது வருகிறவர் அதைப் பார்த்துத்தான் கஞ்சி ஆற்றுகிறார்.