முதலில் டே ஆர்டரைக் கேளுங்கள்

திருச்சியில் பகுதி 1 தமிழை மணிக்கணக்குச் சம்பளத்துக்கு எடுக்கிறேன். ஒரு கல்லூரி தரும் வகுப்புகளை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கான நேர்முக வகுப்பு என்று ஓடுகிறது. புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள், "வாரத்துக்கு எத்தனை ஹவர் எடுக்கலாம் அக்கா?" என்று கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கல்லூரியில் டே ஆர்டரா, கிழமையா?

நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் கால அட்டவணை கிழமையைப் பார்ப்பதில்லை. ஆறு நாள் சுழற்சிதான். திங்கள் முதலாவது டே ஆர்டர் என்று வையுங்கள். வியாழன் விடுமுறை வந்தால் வெள்ளிதான் நான்காவது. சனி கல்லூரி இல்லையென்றால் அடுத்த திங்கள் ஐந்தாவது. இன்னொரு கல்லூரி கிழமைப்படி நடந்தால், இந்த வாரம் மோதாத இரண்டு வகுப்புகள் அடுத்த வாரம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரண்டிலும் டே ஆர்டர் என்றாலும் தப்ப முடியாது. ஒன்றில் மட்டும் ஆண்டு விழாவுக்கு விடுமுறை விட்டால் போதும், அன்றோடு இரண்டு சுழற்சியும் பிரிந்துவிடும்.

ஹவர் ஹவராக ஒப்புக்கொள்ளாமல் அரைநாளாக ஒப்புக்கொள்ளுங்கள். முற்பகல் முழுக்க ஓரிடம், பிற்பகல் முழுக்க வேறிடம். கல்லூரிகள் இரண்டு ஷிப்டாக நடக்கும் ஊரில் இது முடிகிற காரியம்தான். இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்துக் காஜாமலை போய் இறங்கி, ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டால்தான் மதிய வகுப்பில் குரல் எழும்.

தன்னாட்சிக் கல்லூரிகள் தமிழுக்குத் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. ஓரிடத்தில் முதல் பருவம் புதுக்கவிதை என்றால் இன்னோரிடத்தில் பக்தி இலக்கியம். இன்டர்னல் தேர்வுத் தேதிகளும் வேறு வேறு. அட்டவணை கைக்கு வந்த அன்றே எல்லாத் தேதிகளையும் ஒரே காலண்டரில் குறித்துவிடுவேன். ஆனால் விடைத்தாள்களை ஒரே பையில் போடவே மாட்டேன். கல்லூரிக்கொரு பை, கல்லூரிக்கொரு மதிப்பெண் நோட்டு. 25-க்குப் போடும் இன்டர்னலில் இரண்டு மதிப்பெண் மாறிப்போனால் பாதிக்கப்படுவது ஒரு பிள்ளை.

கல்வியாண்டு முடியும்போதே அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பணி ஆணை, சம்பள ரசீது நகல்களும் இருக்கட்டும். பின்னாளில் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் மேலொப்பம் தேவைப்படலாம். முதல்வர் மாறிய பிறகு பழைய பதிவேட்டுக்காக அலைவது பெரும்பாடு.

சம்பளத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வழிகாட்டியது. எனக்குக் கிடைப்பது அதற்கு வெகு கீழே. மே மாதம் வகுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. ஜனவரியிலிருந்தே அதற்கு எடுத்து வைக்கிறேன்.

துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்புகளை ஒரே அரைநாளில் அடுத்தடுத்துப் போட்டுக் கொடுங்கள். கல்லூரிக்கு இதனால் ஒரு பைசா செலவில்லை. டே ஆர்டர் மாறுவதாக இருந்தால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுங்கள்.