ஜெபம் மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, எங்கள் வாலிபர் குழு வாரந்தோறும் நற்செய்திப் பணிக்காக ஜெபிக்கிறது. அது போதாதா?
– ஒரு வாசகர், சீவலப்பேரி

பதில்: போதாது தம்பி. ஆனால் ஜெபமில்லாமல் தொடங்கவும் முடியாது. இதற்கு நம் திருநெல்வேலி சபையைச் சேர்ந்த அசரியா என்ற ஊழியரே எடுத்துக்காட்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த அவர் 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களின் மிஷனெரி ஆர்வத்தைக் கண்டு, நம் திருநெல்வேலி சபை யாரையும் அனுப்பவில்லையே என்று உருகி ஜெபித்தார். அதோடு விட்டுவிடவில்லை. 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. தெலுங்கு பேசும் தோர்னக்கலுக்கு ஊழியர்கள் போனார்கள். 1909-இல் அவரே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, நற்செய்தி சொல்வோம் என்று உறுதி கூறினார்கள். சீஷத்துவம் முதல் நாளே தொடங்கிவிட்டது! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்களும் ஊர் பெயர் சொல்லி ஜெபியுங்கள், காணிக்கை சேருங்கள், உங்களில் ஒருவரை அனுப்புங்கள்.