கட்டி முடித்தால் போதுமா? – ஒரு வணிகக் கட்டடம் தரும் பாடம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டட வேலையில் இறங்குவோர் படும் பாட்டை அது சொல்கிறது. ஆயினும், வீடு கட்டியவர் தாமே அதில் குடியேறுவார். அத்துடன் கவலை தீரும். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விடும் பொருட்டு எழுப்பப்படும் வணிகக் கட்டடத்தின் நிலை வேறு. அங்கே குடியேற வேண்டியவர் பிறர். அவர் வராவிட்டால், எத்துணை உறுதியாகக் கட்டியிருப்பினும் அது முடங்கிய முதலே ஆகும்.

வணிகவியல் வகுப்பில் திட்டமிடல் பற்றிப் பாடம் நடத்தும்போது, "ஒரு கட்டுமானத் திட்டம் வெற்றி பெற்றது என்பதை எதைக் கொண்டு அறியலாம்?" என்று நான் மாணவர்களைக் கேட்பதுண்டு. குறித்த காலம், குறித்த செலவு, குறித்த தரம் என்னும் மூன்று விடைகள் உடனே வரும். மூன்றும் சரியே. ஆனால் இம்மூன்றிலும் வென்ற ஒரு கட்டடம், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இலாபத்தைக் காணாமல் நின்றது. அதுதான் நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம். அது எவ்வாறு வென்றது, எங்கே தடுமாறியது என்பதை இங்குக் காண்போம்.

வாடகையிலிருந்து பிறந்த வரைபடம்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் நிதித்துறையில் பெயர் பெற்ற ஜான் ராஸ்கப் இதற்கு முதலீடு திரட்டினார். நியூயார்க் மாநில முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் இதன் நிறுவனத்திற்குத் தலைவரானார். பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல் நின்ற ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலம் இடமாக அமைந்தது.

கட்டடக் கலைஞர் வில்லியம் லாம் பெற்ற கட்டளைகள் மிகச் சுருக்கமானவை. செலவுக்கு வரம்பு உண்டு. சன்னலிலிருந்து நடைவழி வரை அலுவலக அறையின் ஆழம் 28 அடிக்கு மேற்படலாகாது. அத்தகைய இடம் எத்தனை மாடிகளில் கிடைக்குமோ அத்தனையும் வேண்டும். வெளிச்சுவர் சுண்ணாம்புக்கல்லால் ஆகவேண்டும். 1931 மே முதல் நாளில் வேலை முடிந்திருக்கவேண்டும்.

இந்த 28 அடியைச் சற்று எண்ணிப் பாருங்கள். குளிர்சாதனமும் குழல் விளக்கும் பரவாத காலம் அது. சன்னலுக்கு வெகு தொலைவில் உள்ள இருட்டறைக்கு நல்ல வாடகை கிடைக்காது. ஆகவே லிப்ட், மாடிப்படி, கழிப்பறை, குழாய்வழி ஆகியவற்றை நடுவில் நெருக்கி வைத்து, சுற்றிலும் வெளிச்சமுள்ள அறைகளை அமைத்தனர். மேலே செல்லச் செல்ல லிப்டுகளின் எண்ணிக்கை குறையும்; நடுப்பகுதியும் சுருங்கும்; கட்டடமும் படிப்படியாக ஒடுங்கும். 1916-ஆம் ஆண்டின் நியூயார்க் நகர விதியும், தெருவுக்கு வெளிச்சம் கிடைக்கும் பொருட்டு, உயரமான கட்டடங்கள் இவ்வாறு ஒடுங்க வேண்டும் என்றது. ஆக, கட்டடத்தின் வடிவைச் சட்டமும் வாடகையும் சேர்ந்தே வரைந்தன எனலாம்.

மே முதல் நாளைக் குறித்ததற்கும் காரணம் உண்டு. அக்காலத்தில் நியூயார்க்கின் அலுவலக வாடகை ஒப்பந்தங்கள் மே முதல் நாளில் தொடங்குவது வழக்கம். அந்நாளைத் தவறவிட்டால் வாடகைதாரரைப் பிடிக்கும் பருவமே தவறிவிடும்.

410 நாட்கள்

1930 மார்ச் 17-இல் தொடங்கிய கட்டுமானம் 410 நாட்களில் நிறைவுற்றது. 102 மாடிகள், 1,250 அடி உயரம். உருக்குச் சட்டம் வாரத்திற்குச் சராசரி நான்கரை மாடி என்ற வேகத்தில் எழுந்தது. இன்று பொறியாளர்கள் பயன்படுத்தும் முக்கியப் பாதை முறை 1950-களின் இறுதியில்தான் தோன்றியது. அதற்கு முன்பே இவ்வேகம் கைகூடியது எப்படி?

நெரிசலான தெருவில் பொருளைக் குவித்து வைக்க இடமில்லை. ஆகவே எந்த லாரி எந்நேரத்தில் எதைக் கொண்டுவரும் என்பதற்கு நாள்தோறும் அட்டவணை இருந்தது. பென்சில்வேனியாவில் உருவாக்கப்பட்ட ஒவ்வோர் உருக்குத் துண்டிலும் அது சேரவேண்டிய இடத்தின் எண் பொறிக்கப்பட்டது. செங்கற்களைத் தெருவில் அடுக்கவில்லை. சரிவுக் குழாய் வழியே நிலவறைத் தொட்டிக்குள் கொட்டி, அங்கிருந்து மேலேற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் சிறு தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டியில் பொருளைக் கொண்டு சென்றார்கள். ஒரு கட்டத்தில் 3,400-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்கள் உணவுக்காக இறங்கி ஏறும் நேரம் வீணாகாதபடி மாடிகளிலேயே சிற்றுண்டிச் சாலைகள் இருந்தன. இந்த வேகத்திற்கிடையே ஐந்து தொழிலாளர் உயிரிழந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு கூறுகிறது. அதையும் நாம் மறத்தலாகாது.

நிலத்தையும் சேர்த்து ஆன செலவு ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் டாலர். இது மதிப்பீட்டைவிடக் குறைவு. குறித்தபடியே 1931 மே முதல் நாள் திறப்புவிழாவும் நடந்தது.

வெற்றியின் நடுவே வெறுமை

காலம், செலவு, தரம் மூன்றிலும் வெற்றி. ஆனால் திறந்தபோது நான்கில் ஒரு பகுதி அளவிற்கே வாடகைக்குப் போயிருந்தது. நகர மக்கள் எம்பயர் ஸ்டேட் என்ற பெயரை "எம்ப்டி ஸ்டேட்", அதாவது வெற்றுக் கட்டடம், என்று மாற்றிக் கேலி செய்தனர். உச்சியில் நின்று நகரைக் காண வந்தோர் தந்த நுழைவுக் கட்டணமே பெரும் துணையாயிற்று. 1950-ஆம் ஆண்டு வாக்கில்தான் இலாபம் தலைகாட்டியது.

காரணங்கள் இரண்டு. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது, பெருமந்தம் தொடர்ந்தது. செலவைக் குறைத்த அதே மந்தம் வாடகைதாரரையும் குறைத்தது! இரண்டாவது, இடம். இரு பெரிய ரயில் நிலையங்களுக்கும் இடைப்பட்டு, எதற்கும் அருகில் இல்லாத இடம் அது. அலுவலகங்கள் செறிந்த பகுதியும் அன்று. முதற் காரணத்தை முன்கூட்டி அறிவது அரிது. இரண்டாவது காரணமோ வரைபடம் போடும் முன்பே கண்ணுக்குத் தெரிந்தது.

அருகிலே ஒரு மாற்று வழி

அதே நகரில், ஏறத்தாழ பதினைந்து தெருக்கள் வடக்கே, ராக்ஃபெல்லர் மையம் எழுந்தது. அங்கு முதன்மையாக வரவிருந்த இசை நாடக அரங்கு 1929 டிசம்பரில் பின்வாங்கியது. நிலக் குத்தகையோ ஆண்டுக்கு முப்பது லட்சம் டாலருக்கு மேல். அந்நிலையில் ராக்ஃபெல்லர் வானொலி நிறுவனமொன்றை முதன்மை வாடகைதாரராகப் பிடித்த பிறகே பெரிய கோபுரத்தைக் கட்டினார். 1931 முதல் 1939 வரை 14 கட்டடங்கள் படிப்படியாக எழுந்தன. அங்கும் பல ஆண்டுகள் நட்டமே. எனினும் ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்க இடமிருந்தது. ஒற்றைக் கோபுரத்தையோ பாதியில் நிறுத்தி வாடகைக்கு விட இயலாது.

நாம் கொள்ள வேண்டியவை

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். எண்கள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. சொந்த நிலத்தில் கடைகள் கட்ட ஒருவர் ஒரு கோடி ரூபாய் கடன் வாங்குகிறார். வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. அதாவது மாதம் ஒரு லட்சம். எல்லாக் கடைகளும் நிரம்பினால் வாடகை ஒன்றரை லட்சம். அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு கடைகள் நிரம்பினால்தான் வட்டிக்கே கட்டும். பாதிதான் நிரம்பியது என்றால் மாதம் 25,000 ரூபாய் கைநட்டம். வேலை ஆறு மாதம் தாமதித்தால் வட்டி மட்டும் ஆறு லட்சம். விரைந்து கட்டுவது இந்த ஆறு லட்சத்தைக் காக்கும். மாதந்தோறும் போகும் 25,000-ஐ அதனால் காக்க இயலாது.

ஆதலின், வணிகக் கட்டடத்திற்கு இரண்டு திட்டங்கள் வேண்டும். ஒன்று கட்டும் திட்டம். மற்றொன்று நிரப்பும் திட்டம். யார் வருவார், என்ன வாடகை தருவார், எப்படி வந்து போவார், எத்தனை பங்கு நிரம்பினால் வட்டி கட்டும் என்னும் கேள்விகளுக்கு, அஸ்திவாரம் தோண்டும் முன்பே விடை எழுதி வைத்திருக்கவேண்டும். முதன்மை வாடகைதாரர் ஒருவரையேனும் முன்னதாக ஒப்பந்தம் செய்துகொள்வது, இயன்றால் பகுதி பகுதியாகக் கட்டுவது, காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கெனக் கையில் பணம் ஒதுக்குவது ஆகிய மூன்றும் அத்திட்டத்தின் தூண்கள்.

பட்டம் பெற்று வெளியேறும் மாணவர்களுள் சிலர் நாளை வங்கியில் அமர்ந்து கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பர். சிலர் தாமே கட்டட வேலையில் இறங்குவர். அப்போது உங்கள் முன் வரைபடமும் மதிப்பீடும் விரிக்கப்படும். அவற்றைப் பார்த்தபின் மறவாமல் மூன்றாவது தாளையும் கேளுங்கள். அதில் வாடகைதாரர் பட்டியல் இருக்கவேண்டும்.