எம்எம்ஏ நட்சத்திரங்களை உருவாக்குவது யார்?

எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி-யை, 2001-ல் ஸுஃபா நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2016-ல் அது சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாறியது. இந்த வளர்ச்சியைக் காட்டி, எம்எம்ஏ நட்சத்திரங்கள் எல்லாரும் நிறுவனம் வார்த்தெடுத்தவர்களே என்று வாதிடுபவர்கள் உண்டு. வீரர்களின் ஊதியம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாதமும் வந்துவிடுவதால், அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: மேடை தருபவரே புகழையும் தருகிறார்.

உண்மை: யுஎஃப்சி-யில் பெண்கள் சண்டையிடும் நாள் வரவே வராது என்று 2011-ல் சொன்னவர் அதன் தலைவர் டானா ஒயிட். ரோண்டா ரௌசி அதற்கு முன்பே 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்றிருந்தார். 2012 மார்ச்சில், அதே முதலாளிகளின் இன்னொரு அமைப்பான ஸ்ட்ரைக்ஃபோர்ஸில் மீஷா டேட்டை வீழ்த்திப் பட்டம் வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒயிட் மனம் மாறினார். 2013 பிப்ரவரியில் யுஎஃப்சி-யின் முதல் பெண்கள் சண்டை நடந்தது. அன்றைய முதன்மைப் போட்டியும் அதுதான். நிறுவனம் ரௌசிக்குப் பெரும் விளம்பரம் தந்தது உண்மை. ஆனால் அந்த விளம்பரத்துக்கு முன்பே அவர் வென்று காட்டியிருந்தார்.

நம்பிக்கை: விளம்பரம் பலமாக இருந்தால் போதும்.

உண்மை: இணையத்தில் பரவிய தெருச்சண்டை வீடியோக்களால் பெயர் பெற்றவர் கிம்போ ஸ்லைஸ். எலைட்எக்ஸ்சி நிறுவனம் அவரையே முகமாக்கி, 2008-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஏற்றியது. அந்த அக்டோபரில், கடைசி நேரத்தில் மாற்று வீரராக வந்த செத் பெட்ரூஸெல்லி 14 விநாடிகளில் ஆட்டத்தை முடித்தார். அதே மாதத்தில் நிறுவனமும் மூடப்பட்டது.

நம்பிக்கை: தொடர்ந்து வென்றால் புகழ் தானே வரும்.

உண்மை: டெமெட்ரியஸ் ஜான்சன் யுஎஃப்சி பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை தக்கவைத்தவர். அந்தச் சாதனைக்கு ஏற்ற கட்டணப் பார்வையாளர்கள் திரளவில்லை. 2018-ல் ஒன் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு அமைப்பின் வீரர் பென் ஆஸ்க்ரெனைப் பெற்றுக்கொண்டு, யுஎஃப்சி அவரை அங்கே விட்டுக்கொடுத்தது. நேட் டயஸோ அதுவரை 10 தோல்விகள் கண்டவர். 2016 மார்ச்சில், 11 நாள் அவகாசத்தில் அழைக்கப்பட்டு, பெரும் நட்சத்திரமான கானர் மெக்ரெகரை மண்ணைக் கவ்வ வைத்தார். ஒரே இரவில் டயஸின் மதிப்பு எங்கோ உயர்ந்துவிட்டது.

நம்பிக்கை: எல்லாம் வீரர்தான், நிறுவனத்துக்குப் பங்கே இல்லை.

உண்மை: 2005-ல் யுஎஃப்சி கடும் நஷ்டத்தில் இருந்தது. அப்போது உரிமையாளர்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ‘தி அல்டிமேட் ஃபைட்டர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டித் தொடரைத் தயாரித்து, ஸ்பைக் அலைவரிசைக்குக் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சல் இல்லையேல் மேடையே இருந்திருக்காது. ஆனால் அந்தத் தொடரின் இறுதிப் போட்டியில் மூன்று சுற்றும் ரத்தம் சொட்ட நின்று நாட்டையே பார்க்க வைத்தவர்கள் ஃபாரெஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் போனரும்.

உழைப்பு நிறுவனம், வீரர்கள் என இரு தரப்பினுடையது, பங்கீடு அப்படி இல்லை. வீரர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்குகளின்படி, யுஎஃப்சி வருவாயில் அவர்களுக்குக் கிடைத்தது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் வீரர்களுக்குப் பாதியளவு போகிறது. 2010 முதல் 2017 வரை சண்டையிட்டவர்களுக்கு 37.5 கோடி டாலர் தர நிறுவனம் 2024-ல் ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்துக்குப் பின் கூண்டில் இறங்கியவர்களுக்காக 2021-ல் தொடரப்பட்டது தனி வழக்கு.